ஒற்றைக் குழாய்

விற்றவர் சாவிக்கொத்தோடு விட்டுப்போன தாளில்
ஒரே வரி:
"சத்தம் போடும். பழகிவிடும்."

ஜோகன்னஸ்பர்க், கென்சிங்டன் மேடு.
தொண்ணூறு வயது வீடு.
நாட்காட்டியில் ஆடி.
அம்மி பறக்கும் காற்றெல்லாம் இங்கே இல்லை;
விடியலில் புல்
காலடியில் அப்பளமாய் நொறுங்கும்.

முதல் இரவு மூன்று மணிக்குச்
சுவருக்குள் யாரோ சம்மட்டி எடுத்தார்கள்.
டங். டங்டங். டங்.
தயானந்த் அபாயப் பொத்தானை அழுத்திவிட்டான்.
ஏழாவது நிமிடம் காவல் வண்டி.
குண்டு துளைக்காத சட்டையோடு ட்செபோ
கட்டிலடி வரை விளக்கடித்துத் தேடிவிட்டுக்
கடைசியில் ரேடியேட்டர் முன் நின்றார்.
"உங்கள் திருடன் இவன்தான்."
கையுறை கழற்றி
இரண்டு உள்ளங்கையும் அதன்மேல் வைத்து
விசாரணைக்குத் தேவையானதைவிடச்
சற்று அதிக நேரம் நின்றார்.

மறுநாள் நிலவறைக்கு இறங்கினேன்.
நான் கணக்குத் தணிக்கை செய்பவள்.
வரவுக்கு ஒரு பத்தி, செலவுக்கு ஒரு பத்தி.
இங்கே பார்த்தால் ஒரே குழாய்.
ஆவி ஏறுவதும்
குளிர்ந்து நீராய் இறங்குவதும்
அதே வழி, அதே நேரம்,
எதிரெதிரே.
பம்பு இல்லை. தள்ளுவார் இல்லை.
போனது திரும்பிவர
ஒரு விரற்கடைச் சரிவு மட்டும் வேண்டும்.

இதைப் புரிந்துகொள்ளவே பாதிக் குளிர்காலம் போயிற்று.
மீதிப் பாதியில் தப்புகள் செய்தேன்.

அறை வேகிறதென்று வால்வைப் பாதி மூடினேன்.
பாதி என்றால் இதற்குப் புரியாது.
முழுக்கத் திற, இல்லை முழுக்க மூடு;
நடுவில் நிறுத்தினால்
உள்ளே மாட்டிக்கொண்ட நீரைத்
துருநிறத்தில் விரிப்பின்மேல் துப்பும்.

குளிர்கிறதென்று அழுத்தத்தை ஏற்றினேன்.
கோபித்துக்கொண்டு இன்னும் தாமதமாய் வந்தது சூடு.
சைக்கிள் டியூபில் இருப்பதில்
இருபதில் ஒரு பங்கு போதுமாம், வீடு முழுமைக்கும்.

காற்று வெளியேறும் குட்டி மூக்குகளை
யாரோ வெள்ளை பெயின்ட் அடித்து அடைத்திருந்தார்கள்.
கழற்றி வினிகரில் ஓரிரவு ஊறப்போட்டேன்.
மறுநாள் ஒரு சீறல்,
பிறகு சின்ன "டிக்",
பிறகு ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லைக்குக் காது கொடுக்கப் பழகினேன்:
ஆவி வந்து சேர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

ஒரு வியாழக்கிழமை நகரத்திலேயே தண்ணீர் இல்லை.
கண்ணாடிக் குழலில் மட்டம் இரண்டு விரல் இறங்கியிருந்தது.
குடிக்க வைத்த கேனைப் பார்த்தேன்.
கொதிகலனைப் பார்த்தேன்.
அன்றிரவு அடுப்பை அணைத்துவிட்டு
ஆளுக்கு மூன்று போர்வை.

எல்லாம் சரியான பிறகும்
படுக்கையறை ஒன்று மட்டும் இடித்துக்கொண்டே இருந்தது.
ரசமட்டத்தை அதன்மேல் வைத்தேன்.
குமிழி வால்வுப் பக்கம் ஓடி ஒட்டிக்கொண்டது.
திரும்ப வேண்டிய நீர்
மறுகோடியில் குட்டையாய்த் தேங்கிக் கிடந்திருக்கிறது;
ஓடிவந்த ஆவி
அதை வாரி இரும்பில் அறைந்திருக்கிறது, இரவெல்லாம்.

தரையில் வைத்தேன். தரையும் அப்படித்தான்.
கூடத்தில் வைத்தேன். கூடமும்.
வீடே தெற்கே சாய்ந்திருக்கிறது.
தெற்கில்தான் பழைய பொன் சுரங்கங்கள்.
எடுத்தவர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்,
மண் மட்டும் இன்னும்
மயிரிழை மயிரிழையாய் உட்கார்ந்துகொண்டிருக்கிறது.

தயானந்த் கடப்பாரையால் நெம்ப
நான் குப்புறப் படுத்துக்
கோடிக் காலடியில் கேரம் காய் செருகினேன்.
சிவப்பை வைக்க மனம் வரவில்லை.
கறுப்பு இரண்டு.

அன்றிரவும் மூன்று மணிக்கு விழித்தேன்,
சத்தம் இல்லாததால்.
இரும்பில் காதை வைத்தேன்.
யாரோ இருட்டில் ஒரு மிடறு விழுங்குவதுபோல்
நீர் வீடு திரும்பிக்கொண்டிருந்தது.
தெருவில் ட்செபோவின் வண்டி
வேகம் குறைத்து, நிற்காமல் போனது.

விற்றவர் தந்த தாளின் பின்பக்கம்
அடுத்து வருபவருக்காக எழுதியிருக்கிறேன்:
பழகிக்கொள்ள வேண்டாம். சரிவைப் பாருங்கள்.
சில ஆண்டுக்கொருமுறை இன்னொரு காய் தேவைப்படலாம்.
கறுப்பில் மிச்சம் ஏழு,
சமையலறை இரண்டாவது இழுப்பறையில்.