எட்டே முக்கால் அங்குலம்

கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை
மேசைமேல் விரிக்கச் சொன்னார்கள்.
த்ரெட்கில் விரித்தான்.
இன்னும் கொஞ்சம், என்றார் அளவுகோல் பிடித்தவர்.
இதற்குமேல் விரித்தால் கிழியும், என்றான்.
எட்டே முக்கால்.
பதினான்கு அணிகளின் பேனாக்கள்
ஒரே நேரத்தில் குனிந்தன.

பிறகு ஓட்டம். நாற்பது கெஜம்.
என் கடிகாரத்தில் நான்கு புள்ளி ஐந்து ஒன்பது.
பக்கத்தில் நின்ற டென்வர் ஆளுக்கு ஐந்து நான்கு.
அவருக்குப் பையனைப் பிடித்துப்போயிற்று.
பொத்தானை அழுத்தும் விரலுக்கும்
விருப்பு வெறுப்பு உண்டு.

இரவு, மன்ரோ நகரத்து மோட்டல்.
சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ இருமுகிறார்கள்.
மடிக்கணினியில் அவனுடைய இலையுதிர்காலம் முழுவதும் ஓடுகிறது.
ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதமாம்.
சொன்னவர் ரிசீவர் யாரையும் எடைபோட்டதில்லை.
அவனை நோக்கி வீசப்பட்ட தொண்ணூற்றேழு பந்துகள்,
தொண்ணூற்றேழு பருக்கைகளையும் நசுக்கிப் பார்த்துவிட்டேன்.
பானை வெந்ததா, தெரியவில்லை.

முதல் மூன்றடி கனம்.
வெளிக்கோட்டோரம் திரும்பும்போது இடுப்பு
ஒரு கணம் முன்பே காட்டிக் கொடுத்துவிடுகிறது.
கல்லூரிப் பையன்கள் அதைப் படிப்பதில்லை,
அங்கே சம்பளத்துக்கு நிற்பவர்கள் படிப்பார்கள்.
ஓட்டம் எதிர்ப்பக்கம் போகும்போதும்
தனக்கு எதிரே நிற்பவனை விடாமல் தள்ளுகிறான்,
விசில் ஊதி முடிந்தும் கொஞ்சம்.

நடுக்களம். மூன்றாம் முயற்சி, ஏழு கெஜம் தேவை.
பந்து உயரமாக வருகிறது,
கூடவே வலப்பக்கத்திலிருந்து
நூறு கிலோ எலும்பும் கவசமும்.
படத்தை நிறுத்தினேன்.
பந்து கையில். கண்கள் மூடியிருக்கின்றன.
இன்னொரு ஆட்டம். நிறுத்தினேன். மூடியிருக்கின்றன.
பதினேழு மோதல்கள்.
பதினேழு முறையும், தூங்கும் குழந்தை மாதிரி.

மாலையில் இதைக் கேட்டிருந்தேன் அவனிடம்,
ஈரக் காலுறையைப் பிழிந்துகொண்டிருந்தான்.
மோதும்போது கண்ணை மூடுகிறாய், தெரியுமா?
சற்று யோசித்தான்.
“பந்து வந்த பிறகுதானே, சார்?”

பயம் என்று எழுதலாம்.
எழுதிப் பார்த்தேன்.
ஆனால் அந்தப் பதினேழில் ஒன்றும் நழுவவில்லை.
நழுவியவை ஆறு.
ஆறும் வெட்டவெளியில்,
பத்தடிக்குள் ஒருவரும் இல்லாதபோது,
கண்களை அகலத் திறந்து வைத்துக்கொண்டு.
இதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

பன்னிரண்டு வருடம் முன்பு
ஒருவனை முதல் சுற்று என்று எழுதினேன்.
மான் மாதிரி ஓடினான், கை முறம் மாதிரி.
இப்போது டல்சாவில் டயர் விற்கிறான்,
கிறிஸ்துமஸுக்கு அட்டை அனுப்புகிறான்,
என்மேல் கோபமில்லை.
அதே வருடம் வேண்டாம் என்று நான் அடித்த பெயர்
ஒன்பது பருவம் ஆடியது.
அவன் அட்டை அனுப்புவதில்லை.

பதினொன்றரைக்குத் தலைமை அலுவலகம்:
ஹனிகட், ஒரே வரியில் சொல்லுங்கள்.
கை சின்னது, என்றேன்.
அது எங்களுக்கும் தெரியும், என்றார் க்ரோன்க்விஸ்ட்.
தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு
படுக்கையோர மேசையில் என் கையை விரித்தேன்.
மோட்டல் குறிப்புத்தாளின் அகலத்தைத் தாண்டிப் போனது,
தாராளமாக ஒன்பதரை இருக்கும்.
உயர்நிலைப்பள்ளியில் என்னை நோக்கி வந்த பந்துகளில்
பாதியைத் தரைக்குக் கொடுத்த கை.

இருக்கிறீர்களா, ஹனிகட்?
இருக்கிறேன்.
மூன்றாவது சுற்று, என்றேன்.
போன வாரம் ஐந்து என்றீர்களே, எதை வைத்து?

திரையில் அவன் இன்னும் காற்றில்தான் இருந்தான்,
நான் நிறுத்திய இடத்தில்.
ஒரு நிமிடம் பொறுங்கள், என்று
ஓடவிட்டேன்.