மாரிக்கு முந்திய கணக்கு

புரட்டாதி பிறந்து பத்து நாள்.
கச்சான் காற்று போகிற போக்கில்
என் நிழல்வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது.
ஒரு கிழமைக்குள் கம்பளைக்குச் சொல்லவேண்டும்,
என்ன கன்று, எத்தனை சட்டி,
இந்த மாரிக்குக் களுவாஞ்சிகுடியின் ஆசை
எந்தப் பக்கம் சாயும் என்று.

பஞ்சாங்கத்தில் பார்த்தேன்.
மழை எத்தனை மரக்கால் என்று இருக்கிறது.
அந்தூரியம் எத்தனை சட்டி என்று இல்லை.

முந்தின வருசம் டிராகன் பழம் என்று அடித்துச் சொன்னவள் நான்.
நூற்றிருபது கொங்கிரீட் தூண் வார்த்தேன்.
பதினொன்று விலைப்பட்டது.
மிச்சம் பக்கத்து வளவுக்கு வேலியாய் நிற்கிறது.
நல்ல வேலி. மாடுகூட நுழையாது.

ஆகவே இந்தமுறை கண்ணைத் திறந்து வைத்திருந்தேன்.
ஹார்ட்வெயார் றமீஸிடம் கேட்டேன், என்ன பெயின்ட் ஓடுது?
'சாம்பல்தான் அக்கா. எல்லாருக்கும் சாம்பல்.'
ஒரு காலம் றோஸ், பிறகு இளம்பச்சை,
இப்போது வீடெல்லாம் மழைக்கு இருட்டின வானம் மாதிரி.
சாம்பல் மதிலுக்கு மஞ்சள் மூங்கில் எடுபடும்.
எழுதினேன்: நாற்பது.
இன்டர்லொக் கல் லொறி எந்த ஒழுங்கைக்குள் திரும்பினாலும்
பின்னால் சைக்கிளில் போய்ப் பார்த்தேன்,
கல்லுக்கும் மதிலுக்கும் இடையில்
மண்ணுக்கு எவ்வளவு விட்டார்கள் என்று.
ஆறு அங்குலம்.
ஆறு அங்குலத்தில் குரோட்டன் நிற்கும்.
எழுதினேன்: நூற்றைம்பது.

பிறகு அலோசியஸ் வந்தான்.
குறுமண்வெளியில் பூட்டிக்கிடக்கும் மேல்மாடி ஒன்றின்
திறப்பு அவனிடம்.
சொந்தக்காரர் கேதாரன் ஸ்காபரோவில்.
'வெள்ளைப் பூ மட்டும் தாங்க அக்கா.
அவருக்கு வீட்டப் பாக்க நேரம் கிடைக்கக்குள்ள நமக்கு இரவு.
கமராவில இரவில கலர் வராதாம்.
வெள்ளைதான் தெரியும் எண்டு சொல்றார்.'

அட.
தேற்றாத்தீவிலிருந்து கல்லாறு வரைக்கும்
பூட்டிய வீடுகளை விரல்விட்டேன். விரல் காணவில்லை.
அன்றைக்கே கம்பளைக்கு எடுத்தேன்:
நந்தியாவட்டை இருநூறு,
வெள்ளைக் கடதாசிப்பூ நூறு,
மல்லிகை எவ்வளவு இருக்கோ அவ்வளவு.
'எல்லாம் வெள்ளை? ஊர்ல யாரும் செத்ததா?'
சந்திரசிறி தன் பாதித் தமிழில் கேட்டார்.
இல்லை மாத்தயா, பெஷன்.

மகாஓயா தாண்டி விடியப்புறம் லொறி வந்து இறங்கியது.
முதல் இருபதையும் அலோசியஸ் நட்டான்.
இரவு, கமராப் படம் ஒன்று அனுப்பினான்.

அந்த வெளிச்சத்தில்
பூ வெள்ளை.
இலையும் வெள்ளை.
மதிலோரத்துச் செவ்வரத்தை, அத்தனை சிவப்பும் போய், வெள்ளை.
புல் வெள்ளை.
வேம்பின்மேல் யாரோ ஒரு மூடை மாவைக் கொட்டினதுபோல்.

கேதாரன் சொன்னாராம்,
'இஞ்ச யன்னலுக்கு வெளியிலயும் இதுதானே கிடக்கு அலோசியஸ்.'

பிறகு பின்பக்கத்து வாழையைக் கேட்டாராம்.
வெட்டச் சொன்னதே அவர்தான்.
காற்றுக்கு அது ஆட ஆட,
ஆள் நடமாட்டம் என்று போன் அடிக்கும்.
வேலையிடத்தில் பெரிய கரைச்சல்.
வெட்டின பிறகு போன் அடிக்கவே இல்லை.
கொஞ்ச நேரம் பேச்சில்லையாம்.
'ஆடுற மாதிரி ஏதும் இருந்தா நடு.'

நூற்றெண்பது நந்தியாவட்டை
தண்ணீர் கேட்டு வரிசையில் நிற்கின்றன.
கோயில்காரர் பாதி எடுப்பார், பாதி விலைக்கு.

நான் கொப்பியும் கையுமாய்
சட்டி சட்டியாய் நடக்கிறேன்.
ஐப்பசியில் காற்றுத் திரும்பும், வாடை வரும்.
பூவைப் பார்க்கவில்லை. நிறத்தைப் பார்க்கவில்லை.
ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று
வாயால் ஊதிப் பார்க்கிறேன்.
றோட்டில் போன பஸ்ஸிலிருந்து ஒருத்தி எட்டிப் பார்த்தாள்.
பார்க்கட்டும்.

கப்பல் வாழை, அறுபது குட்டி.
மூங்கில் நாற்பதை வெட்டி எழுபது.
குரோட்டன் ஆடாது.