இருபது, வெட்டி, இருபத்தொன்று

"வயது?" என்று கேட்டேன்.
"இருபது" என்றான் கூட்டி வந்தவன்.
எழுதினேன்.
பிறகு சுவர் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு
"இல்லை அக்கா, பன்னிரண்டு தாண்டீட்டு.
இருபத்தொண்டு."

சட்டப்படி பார்த்தால்
இந்தப் பெடியனுக்குச் சாராயம் விற்கலாம்,
இப்போது நாற்பது நிமிடமாக.

அந்தப் பக்கத்தில் அவனுக்கு முன் நாலு பேர்.
காரணம் என்ற கட்டத்தில்
மூன்று பேருக்குக் கொத்துரொட்டி ஒத்துவரவில்லை.
ஒருவனுக்கு வெயில்.
சனி இரவு பதினொன்றரைக்கு, வெயில்.
சொல்லுகிறதைத்தான் எழுதுகிறேன்.
மணத்தை எழுத அங்கே கட்டம் இல்லை.

ஒரு மோட்டச்சைக்கிளில் மூன்று பேர்.
நடுவில் இருந்தவனைப் பின்னால் இருந்தவன்
தன் பெல்ட்டால் தன்னோடு கட்டியிருந்தான்.
பண்ணைக் கடலிலிருந்து ஆசுப்பத்திரி வீதி வரை
கால் தாரில் இழுபட்டு வந்திருக்கிறது.
வலது பெருவிரலில் தோல் இல்லை.
செருப்பு ஒன்றுதான்.
ஓட்டி வந்தவன்
"பைக்கை நிப்பாட்டிட்டு வாறன்" என்று போனான்.
இன்னும் நிப்பாட்டிக்கொண்டிருக்கிறான்.

பெயர் யதுர்சன். நாவாந்துறை.
கூட்டி வந்தவர்: கபிசன். உறவு:
கொஞ்சம் யோசித்து, "ஒண்டாப் படிச்சனாங்கள்."

திரைக்கு அங்காலே பவளராணி மிஸ்
அவனைச் சரித்துப் படுக்க வைக்கிறா.
"டேய், கண்ணைத் திற. என்னைப் பார். டேய்."
விரலில் குத்திச் சீனி பார்க்கிறார்கள்.
"நாற்பத்தொண்டு" என்று ஒரு குரல்.
இரவெல்லாம் வயது எழுதுகிற எனக்கு
அது முதலில் ஒரு வயதாகத்தான் கேட்டது.
பிறகு ஓடுகிற சத்தம் கேட்டது.

பொலித்தீன் பையில் போடுகிறேன்:
மணிக்கூடு,
ஈரமான ஆயிரம் ரூபாய்,
கேக் வெட்டுகிற பிளாஸ்டிக் கத்தி, ஐசிங் காய்ந்தபடி,
போன்.

போன் வெளிச்சமாகிறது.
அண்ணா கனடா.

அங்கே இப்போது பின்னேரம்.
அங்கே இன்னும் நேற்று.
அங்கே இவனுக்கு இன்னும் இருபது.

நோயாளியின் போனை நாங்கள் எடுக்கக்கூடாது.
மூன்றாம் தரமும் அடித்தபோது
பையோடு தூக்கிக் கபிசனிடம் நீட்டினேன்.
பொலித்தீனுக்கு மேலாலேயே காதில் வைத்தான்.

"ஓம் அண்ணா. இல்லை அண்ணா, அவன் நித்திரை.
ஓம், கேக் வெட்டினது,
நீங்கள் அனுப்பின காசிலதான்.
இல்லை, இல்லை, ஒண்டும் இல்லை.
எழும்பினதும் சொல்லுறன்."

வைத்துவிட்டு வாங்கில் குந்தி
வாயை முழங்காலில் அழுத்திக்கொண்டான்.
முதுகு மட்டும் குலுங்கியது.
அவனிலும் அதே மணம்.

என் பிளாஸ்க் மூடியில் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.
"சீனி போட்டது" என்றேன்.
வேறொன்றும் வாயில் வரவில்லை.

"அக்கா, எழும்புவான் தானே?"

தம்பி, நான் உள்ளே போகிறவர்களை எழுதுகிறவள்.
வெளியே வருகிறவர்களுக்குத்
துண்டு வெட்டுவது பகல் ஆட்கள்.
இதைச் சொல்லவில்லை.
"மிஸ் நல்லாப் பாப்பா" என்றேன்.

மூன்று மணிக்கு ஒரு பிள்ளை,
பத்தொன்பது, வாடகை அறையில் இருந்து படிக்கிறவள்.
காரணம்: மயக்கம்.
கூட வந்த இரண்டு பேரும்
அவளுடைய வீட்டு இலக்கத்தை மட்டும்
தரமாட்டோம் என்று நின்றார்கள்.

விடிந்துகொண்டு வருகிறது.
வாசலில் பால் வான். கூட்டுமாறு.
ஒரு காகம் குப்பை வாளியை உருட்டிப் பார்க்கிறது.

பதிவேட்டில் வெட்டித் திருத்தினால்
பக்கத்தில் சின்னக் கையெழுத்து வைக்க வேணும்.
யார் மாற்றியது என்று ஒருநாள் கேள்வி வரும்.
பேனையைக் கொடுக்கமுதல்
வெட்டிய இருபதுக்கும் இருபத்தொன்றுக்கும் நடுவே
இடம் போதாமல், நெருக்கி வைத்தேன்.

கபிசன் வாங்கில் நித்திரை.
மடியில் பை.
பைக்குள் திரும்பவும் வெளிச்சம்.
அங்கே பன்னிரண்டு அடிக்க
இன்னும் மூன்றரை மணித்தியாலம் கிடக்கிறது.