எழுநூற்றைம்பது மில்லி

சனிக்கிழமை டயாலிசிஸ் முடிந்து
ஊசி எடுத்த இடத்தைப் பஞ்சால் அழுத்தியபடியே கேட்டாள்:
"ரிட்டர்ன் எடுத்திருக்கியா?"
பீச் ஸ்டேஷன் கவுன்ட்டரில்
இருபத்தொன்பது வருஷம் உட்கார்ந்தவள்.
தாம்பரம் போகிறவர்களிடம் கேட்டுக் கேட்டே
தேய்ந்த நாக்கு.

இந்தக் கப்பல் எந்த ஊருக்கும் போகாது அம்மா.
நடுக்கடல் வரை போய்
திங்கட்கிழமை காலை இதே துறைமுகம்.
"அப்புறம் எதுக்குப் போறது?"
சனிக்கும் செவ்வாய்க்கும் நடுவில்
நமக்குக் கிடைக்கிற தூரமே
இவ்வளவுதான் என்று
நான் சொல்லவில்லை.

எக்ஸ்ரே பெட்டிக்குள் என் பை ஊர்ந்தது:
டாக்டர் யோசித்து யோசித்துக் கையெழுத்துப் போட்ட தாள்,
பி.பி. மெஷின், எட்டு வகை மாத்திரை,
குளியலறையிலிருந்து தூக்கிவந்த எடைமேடை,
மார்க்கரால் கோடு கிழித்த முக்கால் லிட்டர் பாட்டில்.
ஒரு நாளைக்கு அவளுக்கு அவ்வளவுதான்.
மோரும் அதில்தான், ரசமும் அதில்தான்,
மாத்திரை விழுங்கும் மடக்கும் அதில்தான்.
தண்ணீரைக் கொட்டிவிட்டு வரச் சொன்னார்கள்.
எடைமேடையை மட்டும்
மூன்று காவலர்கள் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

ஒன்பதாவது மாடியில் விருந்து.
தட்டுகளுக்கு நடுவே நான் போலீஸ்காரி.
தக்காளி கூடாது. உருளைக்கிழங்கு கூடாது.
இளநீரைக் கண்ணால்கூடப் பார்க்காதே.
"பார்க்கத்தானேடி வந்தோம்" என்றாள்
அமலோற்பவம், என் அம்மா.

சென்னை ஒரு மஞ்சள் கோடாகிக்கொண்டிருந்தது.
சக்கர நாற்காலியைக் கம்பியோரம் நிறுத்தச் சொல்லி
ஏதோ ஒரு புள்ளியைக் காட்டினாள்:
"அங்கதான் என் கவுன்ட்டர்.
ஹாரன் கேட்கும். கப்பலைப் பார்த்ததில்ல.
சில்லறை எண்ணிட்டிருப்பேன்."

அவள் இடது முன்கையில்
இரண்டு இரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்த புடைப்பு ஒன்றுண்டு.
தீப்பெட்டிக்குள் அடைத்த பொன்வண்டு போல
ஓயாமல் அதிரும்.
அதிர்வது நின்றால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.
தினமும் தூங்குமுன் காது வைத்துக் கேட்பேன்.
அன்றிரவும் வைத்தேன்.
தலையணை அதிர்ந்தது. சுவர் அதிர்ந்தது.
டம்ளருக்குள் பல்செட் அதிர்ந்தது.
எது அம்மா, எது என்ஜின் என்று
பிரிக்கத் தெரியவில்லை.
காதை எடுத்தேன். மறுபடி வைத்தேன்.
"இருக்கேன்டி. படு."

மூன்று மணிக்கு விழித்தால்
கட்டில் காலி. நாற்காலியும் காலியாக நிற்கிறது.

செருப்பில்லாமல் ஓடினேன்.
மேல்தளத்தில், காற்றில் கலைந்த நரையோடு,
சமையலறைப் பையன் ஒருவனிடம்
குடும்பம் குழந்தை விசாரித்துக்கொண்டு
கையில் டீ.

கத்தினேன். அவன் பயந்து எழுந்தான்.
அவள் எழவில்லை.
"மத்தியானம் மோர் வேணாம்னேன்.
ராத்திரி ரசம் வேணாம்னேன்.
எண்பது மில்லி மிச்சம். இது எழுபது."
கவுன்ட்டர் மூடும்போது
ஒருநாளும் கணக்கு உதைக்காதவள்.

பிறகு கருப்பாகக் கிடந்த கடலைக் காட்டி,
"இதுலேர்ந்து ஒரு மடக்கு
உன்னால குடிக்க முடியுமா?
இங்க எல்லாருக்கும் என் டயட்தான்"
என்று சிரித்தாள்.
ஆடை படிந்து ஆறிப்போன பிறகும்
அந்த டீ தீரவில்லை.
நான் அவள் பக்கத்தில் ஈரத்தரையில் உட்கார்ந்தேன்.
மீதி பத்து மில்லியை
என்ன செய்தாள் என்று இன்றுவரை தெரியாது.

செவ்வாய். அயனாவரம். மூன்றாம் நம்பர் மெஷின்.
எடை ஒன்றேமுக்கால் கிலோ கூடியிருந்தது.
"என்னம்மா சாப்பிட்டீங்க?" என்றாள் டெக்னீஷியன் கார்குழலி.
"கப்பல்ல போயிருந்தேன்."
கார்குழலி என்னைத் தனியாக ஒரு பார்வை பார்த்து,
"யூரியா ஏறினா சிலர் இப்படிப் பேசுவாங்க,
பயப்படாதீங்க அக்கா" என்றாள்.
நான் வாய் திறப்பதற்குள்
அம்மா எனக்குக் கண்ணடித்தாள்.

ஊசி இறங்கியது. குழாய் சிவந்தது.
மெஷின் உறுமத் தொடங்க
கட்டில் லேசாக அதிர்ந்தது.
கண்ணை மூடிக்கொண்டு,
"கிளம்பிடுச்சு" என்றாள்.