காற்றுக் குறைவு

தெக்கா தாண்டி ஒரு மேடு.
பெயர் கிடையாது, சாலைக் கல்லில் எண் மட்டும்.
போன வருஷம் நாலாம் கியரில்
ரேடியோ கேட்டுக்கொண்டே ஏறியது இந்த பிக்கப்.
இப்போது மூன்று, அப்புறம் இரண்டு.
ஆக்ஸிலேட்டர் தரையைத் தொட்ட பிறகும்
என்னவோ யோசித்துக்கொண்டே போகிறது.
பின்னால் வந்த டேங்கர்காரன்
ஹாரன்கூட அடிக்காமல் முந்திப் போனான்.
அந்த மரியாதைதான் வலித்தது.
வேலியோரம் ஒரு குவனாகோ,
ஒட்டகத்துக்கு ஏழைத் தம்பி,
மென்றபடி எங்கள் கூடவே வந்தது கொஞ்ச தூரம்.
ஓடவில்லை. நடந்துதான் வந்தது.

ஊரில் ஆளாளுக்கு வைத்தியர்.
பங்க்கில் டெல்ஃபோர் சொன்னார், பம்ப் போச்சு.
ரொட்டிக் கடையில் ஒருவர்
வண்டியைப் பார்க்காமலே சொன்னார், கிளட்ச்.
தங்கை ஸுல்மா சிரித்தாள்:
"உன்னை மாதிரியே ஆயிடுச்சு."
இல்லை ஸுல்மா.
எனக்கு நாற்பத்தொன்பது, அது ஒரு காரணமாகும்.
இரும்புக்கு வயதைச் சொல்லித் தப்பிக்க முடியாது.

காற்று ஓய்ந்த ஒரு ஞாயிறு
(இங்கே காற்று ஓய்ந்தது என்றால்
தொப்பி தலையில் நிற்கும், அவ்வளவுதான்)
பானெட்டைத் தூக்கினேன்.
பெட்ரோல் ஃபில்டர் புதிது போட்டேன். பலனில்லை.
ஒரு சுற்று ஓட்டிவந்து
நாலு சக்கரத்தையும் தொட்டுப் பார்த்தேன்,
காய்ச்சல் பார்க்கிற மாதிரி.
எதுவும் சுடவில்லை. பிரேக் பிடித்து இழுக்கவில்லை.
ஆறு ப்ளக்கும் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன்.
ஆறும் கரி.
பெட்ரோல் கூடிப்போச்சு என்று
கார்ப்பரேட்டரோடு மதியம் முழுக்கச் சண்டை.
கரிக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு,
காற்று குறைவு.
அந்தப் பாதி ஏனோ தோன்றவில்லை.
ஏர் ஃபில்டர் மார்ச்சில்தானே மாற்றினேன்
என்று அந்தப் பக்கமே போகாமலிருந்தேன்.

கடைசியில், வேறு எதுவும் மிச்சமில்லாததால்,
வட்ட மூடியைத் திறந்தேன்.
காகிதம் சுத்தம்தான்.
அதற்கு முன்னால் ஒரு மூக்குக் குழாய் இருக்கிறது,
விரல் விட்டேன்.
மெத்தென்று இருந்தது.

எலிக்கூடு.
காய்ந்த புல், சிமெண்ட் பைக் கிழிசல்,
மிச்சமெல்லாம் ஆட்டுக் கம்பளி.
குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டார்கள்.
வளைத்த கம்பியால் இழுக்க இழுக்க
வந்துகொண்டே இருந்தது.

கம்பளி நுனியில் சிவப்புச் சாயம்.

எங்கள் ஆடுகளுக்கு நீலம்.
சிவப்பு, அந்திலேயோ வீட்டு அடையாளம்.
ஒரு வேலிக்காகப் பதினோரு வருஷம்
நாங்கள் முகம் பார்க்காத வீடு.

செப்டம்பரில் மூன்று வாரம்
ஒவிதியோ ரோடு வேலைக்கென்று போனார்,
இந்த வண்டியில்தான்.
இடுப்பு நிமிராமல், தவணைக்குக் காசோடு வந்தார்.
சட்டையில் தார் வாசனை இல்லை.
உள்ளங்கை குழந்தையுடையதுபோல் மெத்தென்றிருந்தது,
கம்பளி கத்தரித்தவர்களுக்கு மட்டும் வரும் மென்மை.
அன்றே கவனித்தேன். கேட்கவில்லை.
யார் கொட்டகை நிழலில் வண்டி நின்றதென்று
எலி சொல்லித் தெரிகிறது.

ப்ளக்குகளைப் பித்தளை பிரஷ்ஷால் தேய்த்தேன்.
மதியம் நான் கெடுத்த திருகுகளை
எண்ணி எண்ணித் திருப்பி வைத்தேன்.
சாவி.
ஒரு தும்மல், கறுப்பாய் ஒரு புகை,
பிறகு நீளமாய் ஒரு மூச்சு
உள்ளே போகிற சத்தம். அதைக் கேட்டு
எத்தனை நாள் ஆயிற்று.

ராத்திரி சாப்பிடும்போது கேட்டார்,
"என்ன கோளாறு?"
"எலி."
"எங்கேயிருந்து வந்ததோ," ரொட்டியைப் பார்த்துக்கொண்டே.
"எங்கேயிருந்தோ," என்று
சூப்பை அவர் பக்கம் தள்ளினேன்.

திங்கட்கிழமை அதே மேடு.
நாலாம் கியரில் முக்கால்வாசி ஏறியது.
கடைசி வளைவுக்கு மூன்று போடத்தான் வேண்டியிருந்தது,
சரி, வயதும் கொஞ்சம் உண்டு.
உச்சியில், எதிரே அந்திலேயோவின் வெள்ளை வண்டி.
ஸ்டீயரிங்கிலிருந்து இரண்டு விரல் தூக்கினேன்,
இந்தச் சாலையில் எல்லோருக்கும் எல்லோரும் தூக்குவது.
கடந்து போனோம்.
கண்ணாடியில் பார்த்தேன்,
அவருடைய பிரேக் விளக்கு
ஒரு தரம் எரிந்து, அணைந்தது.