கிழிந்த இடது காது

மார்ச் மாதத்துப் பனிக்கட்டியை நம்பாதே என்று
ஏரி வருஷத்துக்கு ஒருவரைக் கொண்டுபோய்ச் சொல்லும்.
அந்த வருஷம் மனிதர் யாரும் போகவில்லை.
பெய்ப்சி ஏரி நடுவே துளை போட்டு
வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தேன்.
பதினோரு பெர்ச் மீன்
ஒன்றோடொன்று ஒட்டி விறைத்துக் கிடந்தன.
ஐம்பது அடி தள்ளி
முதுகு காட்டி யெவ்லாம்பி, என் கொழுந்தன்,
எட்டு மாதமாய் என்னோடு பேசாதவன்.
ஒரு வரப்பு. விவகாரம் அவ்வளவுதான்.
நாலடி வெங்காய மண்.

சத்தம்தான் முதலில் வந்தது.
அப்புறம் நாணல் பக்கம் ஒரு தலை.
கொம்பு உதிர்ந்த ஆண் எல்க் மான்,
குதிரையைவிட உயரம்,
முன்னங்கால்களைப் பனிவிளிம்பில் போட்டு
ஏற, உடைய,
ஏற, உடைய.

கோடரியால் கரைவரை வாய்க்கால் வெட்டினோம்.
கப்பித்தோன் பனிவண்டியோடு வந்தான்,
அவன் மகள் உல்யானா கயிறு கொண்டுவந்தாள்.
இரண்டு மணி நேரம்.
விளிம்பு காதை அறுத்தது,
நுனியிலிருந்து பாதிவரை, இடது காது.
எழுந்து நின்றது. உடம்பெல்லாம் ஆவி.
நின்றபடியே மூத்திரம் பெய்து
காட்டுக்குள் போயிற்று.

யெவ்லாம்பி சொன்னான்:
"உன் கையுறை ஈரம்."
"உன்னுடையதும்தான்" என்றேன்.
அன்றைக்கு அது போதுமாயிருந்தது.

ஏப்ரல் கடைசியில் ஏரி உடைந்து
ஜன்னல் உயரத்துக்குப் பனியைக் கரையில் குவித்தது.
அது உருகி முடியும்வரை யார் காத்திருப்பது?
குளிர்காலமெல்லாம் அடுப்புக்கு மேலே
தூங்கிய விதை வெங்காயத்தை இறக்கி
முழங்கால் உயரப் பாத்தியில்
முழங்காலிட்டு ஊன்றினேன்.
மக்கிய நாணல், ஏரிச் சேறு, நகக்கண்ணில் மே மாதம்.
ஜூனில் இரவு என்று ஒன்று இல்லை;
வலையை எப்போது எடுத்தாலும் வெளிச்சம்,
உடம்புக்குத்தான் எப்போது படுப்பதென்று தெரியாது.
ஜூலையில் மழை இல்லை. வாளி, வாளி, வாளி.

ஆகஸ்டில், தாள் சாய்ந்த வாரம்,
விடியலில் கதவைத் திறந்தேன்.
கண் பார்க்குமுன் மூக்கு அறிந்தது.
மூன்று பாத்தி மிதிபட்டு நசுங்கி,
ஆப்பிள் கிளை முறிந்து,
குளம்படி என் இரு கையளவு.
யெவ்லாம்பியின் பாத்தியில் ஒரு தாள் மடங்கவில்லை.
வரப்பு தாண்டாத மிருகம்!
அவன் வந்து பார்த்தான், சிரிக்கவில்லை.
மறுநாள் பார்த்தால்
முறிந்த கிளைக்குத் தார் பூசியிருந்தது.

அக்டோபரில் சீட்டுக் குலுக்கியதில்
விழுந்த பிர்ச் மரத்தடி எனக்கு.
மூடுபனி. நாய் தூரத்தில்.
வந்தது. இப்போது தலைநிறையக் கொம்பு.
மார்ச் மாதத்துத் தலையை அதில் தேடினேன்.
வலப்பக்கம் காட்டி நின்றது.
வலது காது முழுசு.
திரும்பு என்று நினைத்தேன்.
திரும்பாதே என்றும்.
நாய் நெருங்கியது.
சுட்டேன்.

இடப்பக்கமாக விழுந்தது.
புரட்ட ஆறு பேர் வேண்டியிருந்தது.
யாரும் எதுவும் சொல்லுமுன்
யெவ்லாம்பி குனிந்து
அந்தக் காதை மடித்துப் பிடித்துக்கொண்டு,
"முள் கிழித்திருக்கும்" என்றான்.
"ஆமாம், முள்" என்றேன்.

ஈரலை நான்காய்ப் பங்கிட்டோம்,
கயிறு பிடித்த நான்கு வீட்டுக்கும்.
ஏன் நான்கு என்று மற்றவர்கள் கேட்கவில்லை.

நசுங்கிய வெங்காயம் குளிர்காலம் தாங்காது,
அதைத்தான் முதலில் தின்றாக வேண்டும்.
அதையே நறுக்கி ஈரலோடு வதக்கினேன்.
எங்கள் வெங்காயம் கண்ணைக் கரிக்காது என்று
சாலையோரம் வாங்குகிறவர்களிடம் சொல்வேன்.
பொய்தான்.

மீதியைச் சடை பின்னித்
தொங்கவிட ஒரு கயிறு தேடினேன்.
கொட்டகை ஆணியில் ஒன்று இருந்தது,
உலர்ந்து, முறுக்கேறி,
இழைகளுக்குள் முரட்டுச் சாம்பல் மயிர்.
பிடுங்கிப் பார்த்தேன், வரவில்லை.
அப்படியே கட்டினேன்.