தோலுறை

உலான்பாத்தர். மைனஸ் முப்பத்திரண்டு.
எஞ்சினை அணைத்தால் விடியும்வரை எழாது;
ஓடவிட்டே நிற்கிறேன்.

எனக்கு இவர் ஆறாவது தூதர்.
இரண்டாமவர் பின்சீட்டில் தூங்குவார்.
நான்காமவர் கதவைத் தானே திறந்துகொள்வார்;
ஒரு வாரம் என் முகம் கறுத்துக் கிடந்தது.

இந்த வெசெலினோவ்தான்
மூன்று வருடம் எங்கள் மொழியில்
ஒரே வாக்கியத்தைத் தட்டிச் சரிசெய்தபடி வந்தார்:
கன்சோரிக், உங்கள் ஆடுகள் கொழுத்திருக்கின்றனவா?

ஒன்பதாம் மாடியில் குடியிருக்கிறேன்.
ஆடு ஏது.
கொழுத்திருக்கின்றன ஐயா, என்பேன்.

விமான நிலைய வாசலிலும் கேட்டார்.
உச்சரிப்பு இன்று பிசகவே இல்லை.

தூதர் இல்லாத வண்டியில் கொடி பறக்கக் கூடாது.
கையுறை கழற்றி
உறையை மாட்டினேன்.
கம்பியில் விரல் ஒட்டிக்கொண்டது.

இழுத்தால் தோல் போகும்.
ஊதிக்கொண்டே நின்றேன்.